நிலைக்கேற்ற கற்பித்தல்: உரிமையா, புதிய கடைசி வரிசையா?

பள்ளியில் அம்பேத்கர், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கின் மீது, பிற மாணவர்களிடமிருந்து விலகி அமர வேண்டியிருந்தது. அவர் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவரது பிறப்பே முடிவு செய்தது. அவரது திறனை அந்த வகுப்பறை கேட்கவே இல்லை. மாணவரின் கற்றல் நிலைக்கேற்பக் கற்பிப்பது குறித்துப் பேசும்போது இவ்வரலாற்றை நாம் மறத்தல் இயலாது.

மூன்றாம் வகுப்பில் கதைப் புத்தகத்தைத் தடங்கலின்றிப் படிக்கும் குழந்தையும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் குழந்தையும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். இவ்வேறுபாட்டைப் பிறவி அறிவின் அளவாகக் கொள்வது பெரும் பிழை. வீட்டில் புத்தகம் உண்டா, பெற்றோர் பள்ளிக்குச் சென்றவர்களா, பிழைப்புக்காகக் குடும்பம் எத்தனை முறை ஊர் மாறியது என்பனவே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. அனைவருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்பது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது வீட்டிலேயே பாதியைக் கற்றுவந்த குழந்தைக்கான வேகம். முதல் தலைமுறை மாணவர் அதில் பின்தங்குவது இயல்பே.

எனவே நிலைக்கேற்ற கற்பித்தல் சலுகையன்று. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 24இல் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்க முனைந்தது.

ஆயினும் நிலை என்பது எளிதில் முத்திரையாகிவிடும். 'மெல்லக் கற்போர்' என்று ஒருமுறை பெயர் பெற்ற குழந்தை ஆண்டு முழுவதும் அதே குழுவில், அதே மூலையில் இருந்தால், பழைய சாக்கு புதிய பெயரில் திரும்பிவிட்டது என்றே பொருள். பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைக் களைவது குறித்து ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் மாணவரைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்தப் பரிந்துரைத்ததை இங்கே நினைவுகூர்வோம். இருக்கையும் அரசியலே.

தீர்வு, பிரிக்க வேண்டியது பணியை, குழந்தைகளை அன்று என்பதில் உள்ளது. கழித்தல் பாடத்தில் 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும் என்க. ஒரு குழந்தை புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்து எண்ணும். இன்னொன்று ஏட்டில் கடன் வாங்கிக் கழிக்கும். மற்றொன்று அக்கணக்குக்கு ஒரு சந்தைக் கதை புனையும். இறுதியில் மூவரும் ஒரே விடையை, தாம் கண்ட வழியோடு வகுப்பின் முன் விளக்குவர். குழு ஒரு பாடத்துக்கு மட்டுமே. தமிழில் தடுமாறும் குழந்தை கணக்கில் முந்தலாம். சில வாரங்களுக்கொருமுறை நிலையை மறுமதிப்பீடு செய்து குழுக்களைக் கலைத்தல் வேண்டும்.

இதற்கு ஆசிரியர் வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது அச்சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும் பள்ளியில், வகுப்புக்கு மூன்று நிலை என்பது ஏட்டளவில் நின்றுவிடும் அபாயம் உண்டு.

ஆகவே, நம் ஊர்ப் பள்ளிக்குச் செல்லும்போது தேர்ச்சி விழுக்காட்டோடு நின்றுவிடாது மூன்று கேள்விகளைக் கேட்போம்: கீழ்நிலைக் குழுவில் இருப்போர் யார்? எத்தனை மாதங்களாக இருக்கின்றனர்? அதிலிருந்து மேலேறியவர் எத்தனை பேர்? ஒருவரும் மேலேறவில்லையெனில், அங்கு நடப்பது கற்பித்தலன்று, வரிசைப்படுத்தலே.