முறியாத குழாய்க்கு எதற்கு இத்தனை சப்போர்ட்?

ஆலைகளில் பைப் ரேக்கைப் பார்க்கிறவர்களுக்கு வருகிற சந்தேகம்தான். இரும்புக் குழாய்க்கு நாலைந்து மீட்டருக்கு ஒரு சப்போர்ட் எதற்கு? ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றினால் குழாய் முறிந்தா விழும்?

முறியாது. நாலு இஞ்ச், ஷெட்யூல் 40 குழாயையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நிரம்பினால் மீட்டருக்குச் சுமார் 24 கிலோ. மின்நிலையக் குழாய்களுக்கான அமெரிக்க விதிநூல் ஏ.எஸ்.எம்.இ. பி31.1 இதற்குச் சொல்லும் இடைவெளி 4.3 மீட்டர். இரண்டு முனையிலும் சும்மா தாங்கி நிற்கும் உத்தரமாகக் கணக்கிட்டால், நடுவில் தொய்வு 2 மி.மீ.கூட இல்லை. (நிஜத்தில் குழாய் சப்போர்ட்டுகளைத் தாண்டித் தொடர்ந்து ஓடுவதால் இன்னும் குறையும்.) இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். எடையால் வரும் தகைவு நாலு மடங்காகி, 42 மெகாபாஸ்கல் அளவுக்கு ஏறும். சாதாரண கார்பன் ஸ்டீலுக்கு அனுமதிக்கப்படும் தகைவு 100க்கும் மேல். ஆக, குழாய் தாங்கும். தொய்வுதான் 16 மடங்காகி 28 மி.மீ. ஆகிவிடுகிறது. தகைவு இடைவெளியின் வர்க்கத்தோடு ஏறுகிறது, தொய்வோ நான்காம் அடுக்கோடு.

28 மி.மீ. தொங்கினால் என்ன குறைந்துவிடும்? நீராவிக் குழாயில் நிறையவே. லைனை நிறுத்தியதும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி, அந்தப் பள்ளத்தில் தேங்கும். மறுபடி வால்வைத் திறக்கும்போது, பாய்ந்து வரும் நீராவி அந்தத் தண்ணீரைக் கட்டியாக அள்ளிக்கொண்டு போய் அடுத்த எல்போவில் மோதும். வாட்டர் ஹாமர் என்று பயப்படுவது இதைத்தான். தண்ணீர் தேங்காமல் வடிய, ஒரு சப்போர்ட்டிலிருந்து அடுத்ததற்குள் குழாய் இறங்கும் உயரம் தொய்வைப்போல நாலு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. பி31.1 கணக்கில் கொள்ளும் 2.5 மி.மீ. தொய்வுக்கு 10 மி.மீ. இறக்கம் போதும். 28க்கு 112 மி.மீ.! அந்தச் சரிவை எந்த ரேக்கில் கொடுப்பது?

தொங்கும் குழாய் ஆடவும் செய்யும்; இயல் அதிர்வெண் குறையக் குறைய எளிதில் ஆடும். தொய்வை மி.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 18ஐ வகுத்தால் இயல் அதிர்வெண் ஏறக்குறைய கிடைத்துவிடும். 2.5க்கு 11 ஹெர்ட்ஸ், 28க்கு மூன்றரை.

பி31.1இன் சப்போர்ட் இடைவெளி அட்டவணை ஏறக்குறைய 2.5 மி.மீ. தொய்வு, 16 மெகாபாஸ்கல் தகைவு என்ற கணக்கில் போடப்பட்டது. நேராக ஓடும் குழாய்க்குத்தான் அது செல்லும். நடுவில் கனமான வால்வோ ஃபிளாஞ்சோ வந்தால் அட்டவணையை மூடிவிட்டுத் தனியாகக் கணக்கிட வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். நீராவிக்கு அதே நாலு இஞ்ச் குழாய் 5.2 மீட்டர் வரை போகலாம், உள்ளே எடை இல்லையே. ஆனால் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) அன்று அதிலும் தண்ணீர்தான். பெரிய குழாய்களுக்கு அன்றைக்கு மட்டும் தற்காலிக முட்டு கொடுப்பதுண்டு. ரசாயன ஆலைகளுக்கான பி31.3இல் இப்படி ஓர் அட்டவணையே இல்லை. கம்பெனிகள் தாங்களே ஓர் எல்லை வைத்துக்கொள்கின்றன, 12, 15 மி.மீ. என்று.

அப்படியானால் மீட்டருக்கு ஒரு சப்போர்ட் போட்டுவிடலாமா? கூடாது. எஃகு 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 1.2 மி.மீ. நீளும். போகிற இடமெல்லாம் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அந்த நீட்சிக்கு வழியில்லாமல் பம்ப் நாசில் அடி வாங்கும்.

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரிலிருந்து இறங்கும் சிபிவிசி குழாயின் சங்கதி வேறு. பிளாஸ்டிக், சூட்டில் நாள்பட நாள்பட தொய்ந்துகொண்டே போகும், தானாக நிமிராது. ஒரு இஞ்ச் வரைக்கும் மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் வேண்டும். ஆறடிக்கு ஒன்று போதும் என்று பிளம்பர் சொன்னால் விடாதீர்கள். கிளாம்பும் குழாயை நெரிக்காமல், அது நகர இடம் விட்டுப் பிடித்திருக்க வேண்டும்.