மலையேறும் சைக்கிளும் பள்ளிப்பட்டு வெயிலும்

தமிழக எல்லையோரப் பள்ளிப்பட்டிலிருந்து ஆந்திராவின் சித்தூர், பலமனேர், புங்கனூர், மதனப்பள்ளி வழியாக ஹார்ஸ்லி ஹில்ஸ் போய்ச் சேர 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இரண்டு மூன்று நாள் சைக்கிள் பயணத்துக்கு அருமையான வழி. கிளம்பும் இடத்தில் கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். போய்ச் சேரும் மலையோ சுமார் 1,265 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. இந்த வழியின் காற்றுக்கு அப்போதே மதிப்பு இருந்தது: நல்ல காற்றே காசநோய்க்கு மருந்தாக இருந்த காலத்தில், 1915இல், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் காசநோய் சானடோரியம் திறந்தார்கள்.

மலை என்றதும் பலருக்கும் வரும் பயம் மூச்சுத்திணறல்தான். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். லே, லடாக் போகிறவர்கள் கவலைப்படட்டும். நம் வழியில் ஆபத்து உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது.

காற்று நின்றுபோகும் இடம்

சமவெளியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று வியர்வையைக் காயவைத்துவிடும். சித்தூரைத் தாண்டி மொகிலி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் வேகம் ஏழு, எட்டுக்கு இறங்குகிறது. மிதிக்கும் உழைப்பு கூடுகிறது, காற்று இல்லை. வியர்வை மூக்கு நுனியிலிருந்து கைப்பிடியில் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் பயனில்லை. காயும் வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும்.

ஆகவே முதல் நாள் சித்தூரில் தங்கி, மறுநாள் விடியலிலேயே ஏற்றத்தை முடித்துவிடுங்கள். பதினோரு மணிக்கு மேல் நான்கு மணி வரை நிழலில் படுங்கள். ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவர்கள் நேராக இந்த வெயிலில் இறங்கக் கூடாது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் ஓட்டிப் பழகுங்கள்.

வெறும் தண்ணீர் போதாது

கடும் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். கூடவே உப்பும் போகும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலக்கலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வழியெல்லாம் கிடைக்கும் கரும்புச்சாறில் இனிப்பு உண்டு, உப்பு இல்லை. என் ஓட்டு உப்புப் போட்ட மோருக்கும் நீராகாரத்துக்கும்தான். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் பாக்கி என்று அர்த்தம். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

குளிர் வந்த பிறகு

மேலே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது, தாகமும் எடுக்காது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் குடிக்க வேண்டும்.

இறக்கத்தில் வேறு தொல்லை. நனைந்த பனியனோடு வேகமாக இறங்கினால் நடுக்கம் எடுக்கும், விரல் விறைக்கும், பிரேக் பிடிக்க வராது. உச்சியிலேயே உலர்ந்த பனியன் மாற்றி, நெஞ்சில் ஒரு செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத ஸ்வெட்டர் அது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள். ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம்.

கிளம்பும் முன்

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள், இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் புறப்படக் கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்கு ரத்தச் சர்க்கரை, பயணம் முடிந்து பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன வாரம் வீட்டிலேயே இருங்கள்.

கூட வருபவர் தடுமாறினால்

பேச்சு குழறுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா, நடை தள்ளாடுகிறதா? வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்பது தவறு. உழைக்கும்போது வரும் வெப்பத்தாக்கில் உடம்பு நனைந்தே இருக்கலாம். நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. ஆந்திர எல்லைக்குள் போய்விட்டாலும் கூப்பிட வேண்டிய எண் அதே 108தான்.