நாமளே கட்டின ரேஸ் கார் பாதியிலேயே நின்னுடுதா? காரணம் இன்ஜின் பவர் இல்லை!

லாரிக்கு பாடி கட்டுவது நாமக்கல்லுக்குக் கைவந்த கலை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளையே தயார் செய்து வெளிமாநிலங்களுக்கு அனுப்புகிறார்கள். வெல்டிங், லேத் எல்லாம் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். ஆக, சேலம், நாமக்கல் பக்கம் படிக்கும் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ஒரு ரேஸ் கார் ஃப்ரேம் கட்டுவது பெரிய சவால் இல்லை. அது கடைசிச் சுற்று வரை ஓடுமா என்பதுதான் சவால்.

இதைச் சோதிக்கும் களம் சேலத்திலிருந்து சுமார் 160 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது: கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' ரேஸ் காரை உருவாக்கிய கோவைக்காரர் கரிவரதன் பெயரில் அமைந்த டிராக் அது. மாணவர்கள் தாங்களே கட்டின காருடன் மோதும் 'ஃபார்முலா பாரத்' போட்டி இங்கேதான் நடந்து வருகிறது. இதில் அதிக மதிப்பெண் 'என்டியூரன்ஸ்' சுற்றுக்கு. சுமார் 22 கி.மீ. நிற்காமல் ஓட வேண்டும். பல மாத உழைப்பு இங்கேதான் காலியாகிறது.

"பிக்கப்பே இல்லை ப்ரோ"

பெரும்பாலும் முதல் புகார் இதுதான். பெட்ரோல் கார் என்றால் இன்ஜினுக்குப் போகும் காற்று முழுக்க 20 மி.மீ. துளை வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. ரெஸ்ட்ரிக்டர் என்பார்கள். பல அணிகள் பயன்படுத்தும் கேடிஎம் 390-ன் 373 சிசி இன்ஜினுக்கு, சராசரியாகப் பார்த்தால் அந்தத் துளை போதும். ஆனால் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் சீராக மூச்சு விடாது. மடக் மடக்கென்று இழுக்கும். ஒல்லி ஸ்ட்ராவில் மோர் குடிக்கிற மாதிரி, இழுக்கிற நொடியில் அடைத்துக்கொள்ளும். துளைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போதுமான அளவில் ஒரு காற்றுப் பெட்டி, அதாவது பிளீனம், வைத்தால் இழுப்பு சீராகும். அதை விட்டுவிட்டு சைலன்சரை மாற்றுவது வீண் செலவு.

சூடுதான் வில்லன்

என்டியூரன்ஸ் பாதியில் டிரைவர் மாற வேண்டும். இன்ஜினை அணைத்து, 3 நிமிடத்துக்குள் ஆள் மாறி, மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பல கார்கள் நிரந்தரமாகத் தூங்கிப்போவது இந்த இடத்தில்தான். இன்ஜின் நின்றதும் அதோடு சுற்றும் வாட்டர் பம்பும் நின்றுவிடும். கூலன்ட் ஓடாது; சூடு இறங்குவதற்குப் பதில் ஏறும்.

முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. பைக்கில் முன்னால் இருந்த ரேடியேட்டரை காரில் பக்கவாட்டுக்கு மாற்றுகிறோம். அப்போது ஏதாவது ஒரு ஹோஸ் மூடியைவிட உயரத்தில் போனால் அங்கே காற்று சிக்கிக்கொள்ளும். எவ்வளவு கூலன்ட் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. ஊற்றும் வாய்தான் மொத்த சிஸ்டத்திலும் உயரமான இடமாக இருக்க வேண்டும்.

அடுத்து பேட்டரி. பெரிய ஃபேன் ஒன்றை மாட்டிவிட்டு, பைக்கின் சார்ஜிங் அதற்குத் தாங்குமா என்று பலர் பார்ப்பதில்லை. 11 கி.மீ. ஓடி முடிக்கும்போது பேட்டரி இறங்கியிருக்கும். ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான்.

பிரேக்கும் நட்டும்

டிராக்கில் இறங்கும் முன் பிரேக் டெஸ்ட் உண்டு. நான்கு சக்கரமும் ஒன்றாக லாக் ஆக வேண்டும். முன்சக்கரம் லாக் ஆகாவிட்டால் பேலன்ஸ் பாரைத் திருகி அழுத்தத்தை முன்பக்கம் கூட்டலாம். ஆனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பாரைத் தொடாதீங்க. லைனில் காற்று இருக்கிறது, முதலில் பிளீட் பண்ணுங்க.

ஒற்றை சிலிண்டர் அதிர்வில் நட்டு கழலும். டைட் செய்த ஒவ்வொரு நட்டின் மேலும், பக்கத்து உலோகத்தையும் சேர்த்து, நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் மொத்த காரையும் பார்த்துவிடலாம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இதையெல்லாம் பைபாஸில் ஓட்டிப் பார்க்கிற ஆசை வேண்டாம்; இது பதிவெண் இல்லாத வண்டி. அனுமதி வாங்கி கல்லூரி மைதானத்தை மூடிவிட்டு ஓட்டுங்கள். சேலத்து மத்தியான வெயிலிலேயே ஓட்டுங்கள். 11 கி.மீ. முடிந்ததும் அணைத்து, 3 நிமிடம் கழித்து பட்டனை அழுத்திப் பாருங்கள்.