கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

சென்னை மெரினாவில் 1909-ஆம் ஆண்டில் மீன்காட்சிச் சாலை ஒன்றைத் திறந்தார்கள். அதற்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தைச் சேர்ந்த நம் சேத்துப்பட்டுக்கு அந்த வசதி இல்லை. இங்கிருந்து கடற்கரைக்கு நேர்கோடு போட்டாலும் 70 கிலோமீட்டர் வரும். ஆயினும் கடல் உப்புக் கலவையை வாங்கி, நீரில் கரைத்து, வீட்டுக் கூடத்திலேயே கோமாளி மீன் வளர்க்க இப்போது முடிகிறது. உப்பைக் கரைப்பது எளிது. அதற்குப் பின்னர்தான் தொல்லைகள் தொடங்குகின்றன.

சித்திரை மாதத்து நண்பகல். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் மருந்துப் புட்டியைத் தேடுவர். அதை முதலில் கீழே வையுங்கள். மீன் மருந்துகள் பலவற்றில் செம்பின் உப்பு, அதாவது மயில்துத்தத்தின் இனம், கலந்திருக்கிறது. மீன் அதைத் தாங்கினாலும் தொட்டியிலுள்ள இறாலும் நத்தையும் தாங்கமாட்டா. செம்புக் குடத்திலும் பித்தளை அண்டாவிலும் வைத்த நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது என்பதும் இதனால்தான்.

எடுக்க வேண்டியது வெப்பமானி. நீரின் வெப்பநிலை ஏற ஏற, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். உப்பு அதை மேலும் குறைக்கும். 30 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக் கொள்ளும். அதே வெப்பத்தில் கடல்நீரால் 6.2 மில்லிகிராம்தான் முடியும். இருப்பு குறையும் அதே வேளையில், வெப்பத்தால் மீனின் தேவையோ கூடுகிறது. காற்றுப் பம்பும் நின்றுவிட்டால் நீர்ப்பரப்பின் வழியே மெல்ல நுழையும் காற்றுதான் மிச்சம். ஆகவே ஒரு பிளாஸ்டிக் குவளையால் தொட்டி நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். டீக்கடையில் தேநீரை ஆற்றுவது போலத்தான்! மீன் கீழே இறங்கினால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது, மருந்தும் அதுவே.

மின்சாரம் இருந்து, பம்பும் ஓடி, அப்போதும் மீன் திணறினால்? தொட்டி அமைத்து எத்தனை நாளாயிற்று என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். கடைசியில் வரும் நைட்ரேட்டு பெரும் நஞ்சன்று. ஆனால் இந்தக் கண்ணுக்குத் தெரியாத துப்புரவாளர்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய மறுநாளே மீனை விடுவோர்க்கு இந்தப் பொறுமை இருப்பதில்லை. கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 8.2-ஐ ஒட்டியது. பி.எச். ஒரு எண் கூடினால், அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது. நன்னீர்த் தொட்டியில் பொறுத்துப் போகிற அளவு இங்கே உயிரை வாங்கிவிடும். தீனியை நிறுத்தி, அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள புதுநீரால் தொட்டியில் கால் பங்கை மாற்றுங்கள். வடிகட்டியைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவிவிடாதீர்கள். துப்புரவாளர்கள் கூண்டோடு மாண்டு போவார்கள்.

இனி வெப்பத்தைக் குறைக்கும் வழி. ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வைத்தால் போதும். மண்பானைத் தத்துவந்தான். 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 100 லிட்டர்த் தொட்டியிலிருந்து 1 லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் வராத நிலையில், எஞ்சிய நீர் சுமார் 6 பாகை குளிரும். வெளிவெப்பம் புகுந்துகொண்டே இருப்பதால் உண்மையில் கிடைப்பது இரண்டு மூன்று பாகையாக இருக்கலாம். சென்னையின் புழுக்கத்தைவிட நம்மூரின் வறண்ட கோடைக்காற்றில் இந்த வழி நன்றாகப் பலிக்கும்.

ஆனால் போனது நீர் மட்டுமே, உப்பு போகவில்லை. ஒரு கிலோகிராம் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கணக்கின் எளிமைக்காக லிட்டருக்கு 35 கிராம் என்றே கொள்வோம். 100 லிட்டரில் 3,500 கிராம். பத்து லிட்டர் ஆவியானபின் லிட்டருக்கு 39 கிராம் ஆகிவிடும். குறைந்த நீரை உப்புநீரால் நிரப்புவது பலர் செய்யும் பிழை. மூன்று முறை அப்படிச் செய்தால் லிட்டருக்கு 45 கிராமைத் தாண்டும். கடல்மீனின் உடல்நீரில் உள்ள உப்பு கடலில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே அதன் உடலிலிருந்து நீர் எப்போதும் கசிந்து வெளியேறும். அதை ஈடுசெய்ய அது ஓயாமல் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்கள் வழியே தள்ளுகிறது. நாம் உப்பைக் கூட்டினால் இந்த வேலையும் கூடுகிறது. எனவே ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரை ஊற்றுங்கள். அதுவும் வாலை வடிநீரோ, சுத்திகரிப்புக் கருவியில் வடித்த நீரோ நல்லது. கிணற்றுநீரின் கடினத்தன்மை என்ன பாடுபடுத்தும் என்பதைப் பட்டுநூலைச் சோப்பிட்டு வேகவைப்போரைக் கேட்டால் தெரியும். ஆவியாகும்போது அந்தச் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும்.

உப்பை அளக்கத் திரவமானி இருக்கிறதே என்பீர்கள். அதன் தாளில் பொடி எழுத்தில் ஒரு வெப்பநிலை அச்சிட்டிருக்கும், அதைப் படித்தீர்களா? சில கருவிகள் 15.5 பாகைக்கு அளவிடப்பட்டவை. அந்த வெப்பநிலையில் சரியான கடல்நீர் ஏறத்தாழ 1.027 காட்டவேண்டும். அதே நீர் 30 பாகையில் விரிந்து அடர்த்தி குறைவதால், கருவி சற்று ஆழ அமிழ்ந்து 1.023 காட்டும். உப்பு போதவில்லை என்றெண்ணி, அந்த 0.004-ஐ ஈடுகட்ட லிட்டருக்கு 5 கிராமுக்குமேல் கொட்டுவீர்கள். 100 லிட்டருக்கு அரைக் கிலோ! கருவியும் பொய் சொல்லவில்லை, நீரும் கெடவில்லை; படித்தவர்தான் வெப்பநிலையைப் பார்க்கவில்லை. உப்பு கூடிப்போயிருந்தாலும் ஒரே நாளில் குறைத்துவிடாதீர்கள். நாலைந்து நாளில் சிறிது சிறிதாக நன்னீர் சேர்த்து இறக்குங்கள்.

பவளத்தையும் வளர்க்கலாமா என்று கேட்போர் உண்டு. கூடாது. பாறை கட்டும் பவள உயிரிகள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். அவற்றின் தொல்லையும் வெப்பந்தான். பவளத்தின் திசுக்களில் நுண்பாசிகள் குடியிருந்து உணவு சமைத்துத் தருகின்றன. நீர் அளவுக்குமேல் சூடாகி அது நீடித்தால் பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, பட்டினியாகிறது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. அங்கே விசிறி வைக்க முடியாது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பிப் பவளம் பிழைக்கும், தணியாவிடில் மடியும்.

கோமாளி மீனுக்கு இந்தத் தடையில்லை. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களிலுள்ள தன் நிலையங்களில் இம்மீனைப் பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை வகுத்துள்ளது. ஆகவே கடையில் வாங்கும்போது, இது கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் வளர்ந்ததா என்று கேளுங்கள். உங்கள் எதிரிலேயே சிறிது தூள்தீனி போடச் சொல்லுங்கள். பொரிப்பகத்து மீன் அதற்குப் பழகியது. பெரும்பாலும் உடனே வந்து கவ்வும். திரும்பிப் பாராமல் மூலையில் ஒதுங்கி நிற்கும் மீனை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.