ஓரத்தை விட்டு நகரும் அதிர்வு

சிறு சுழல்கரங்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துக் கரத்தோடு ஒவ்வொன்றையும் ஸ்பிரிங் பிணைக்கிறது. பிணைப்புகள் தளர்வு, இறுக்கம், தளர்வு, இறுக்கம் என்று மாறி மாறி வருகின்றன. ஓரத்தில் இருப்பது தளர்ந்த பிணைப்பு என்றால், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கடைசிக் கரம் பலமாக ஆடும். உள்ளே போகப் போக ஆட்டம் தேய்ந்துவிடும். இதுவே விளிம்பு அதிர்வு. பாலிஅசெட்டிலீன் என்ற பாலிமருக்காக சூ, ஷ்ரீஃபர், ஹீகர் மூவரும் 1979இல் முன்வைத்த மாதிரியின் இயந்திர வடிவம் இது. அங்கங்கே ஒரு ஸ்பிரிங் சற்றுப் பிசகினாலும் அதிர்வு அழியாது. பிணைப்புகளின் ஒட்டுமொத்த அடுக்குமுறையே அதைக் காக்கிறது. இடவியல் தரும் பாதுகாப்பு என்பது இதைத்தான்.

உறுதி இருக்கிறது, சரி. ஆனால் சங்கிலி எவ்வளவு நீண்டாலும் ஆடுவது நுனி மட்டும்தானே?

சாதாரண ஸ்பிரிங், இரு பக்கமும் சமமாக இழுக்கும். ஒவ்வொரு கரத்திலும் ஒரு மோட்டாரைப் பொருத்தி, இடப்பக்கக் கரம் திரும்பும்போது கூடுதலாகத் தள்ளச் செய்தால் அந்தச் சமநிலை போய்விடும். வெளியிலிருந்து ஆற்றல் வாங்கி ஒருபக்கமாகச் சாயும் இத்தகைய அமைப்புகள், ‘ஹெர்மிஷியன் அல்லாதவை’ எனப்படும். ஹதானோவும் நெல்சனும் 1996லேயே இந்தச் சாய்வை ஆராய்ந்தார்கள். 2018இல் யாவ், வாங் இருவரும், சாய்வு இருந்தால் விளிம்பு அதிர்வு மட்டுமல்ல, சங்கிலி முழுதும் பரவியிருக்கும் மற்ற அதிர்வுகளும் ஒரே முனையில் குவியும் என்று காட்டினார்கள். இதன் பெயர் தோல் விளைவு. ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் 2020இல் ஒளியிழை வளையங்களில் செய்த சோதனையில், எங்கே நுழைத்தாலும் ஒளி ஒரே எல்லைக்கு வந்து சேர்ந்தது.

விளிம்பு அதிர்வையும் தோல் விளைவையும் மோதவிட்டால்? ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தில் குவான்சோங் மா குழுவினர் 2022இல் செய்தது அதுதான். கணக்கு எளிது. ஓரத்திலிருந்து இரண்டிரண்டு கரங்களை ஒரு ஜோடியாக எடுத்தால், ஜோடிக்கு ஜோடி ஆட்டம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம்: 1, 1/2, 1/4... பத்து ஜோடி தள்ளிப் போனால் 1/1024. மோட்டாரின் சாய்வு அந்த ஓரத்திலிருந்து உள்நோக்கி இருந்து, ஜோடிக்கு ஜோடி ஆட்டத்தை இரு மடங்காக்கினால் தேய்வும் வளர்ச்சியும் ஈடாகிவிடும். நுனியில் கிடந்த அதிர்வு சங்கிலி முழுதும் ஒரே வீச்சில் பரவும். ஜோடியின் இரண்டாவது கரம் மட்டும் அசையாது நிற்கும். சாய்வை இன்னும் கூட்டினால் அதிர்வு எதிர்முனைக்கே போய்விடும். இவ்வளவுக்கும் அதிர்வெண் மாறுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: அதிர்வு இருப்பதை இடவியல் உறுதி செய்கிறது, எங்கே இருக்க வேண்டும் என்பது நம் கைக்கு வந்துவிட்டது.

அகன்ற பரப்பு முழுதும் ஒரே அலைவடிவில் ஒளிரும் லேசருக்கு இது நல்ல வழி. ஒளிக்கு மோட்டார் பொருத்த முடியாது. கரங்களுக்குப் பதில் ஒளி சுற்றும் வளையங்களை வரிசையாக வைத்து, அவற்றை இணைக்கும் துணை வளையத்தின் ஒரு பாதியில் ஒளியைப் பெருக்கி, மறுபாதியில் உறிஞ்சவைத்துத்தான் அந்தச் சாய்வை வரவழைக்க வேண்டும்.