எடை குறைந்த பிறகு கால் மரத்துப்போகிறதா?

பருமனுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் எல்லோரும் கேட்பது, “எத்தனை கிலோ குறைஞ்சது?” என்பதுதான். கால் மரத்துப்போகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்ற 435 பேரில் 71 பேருக்குக் கை கால் நரம்புகளில் பாதிப்பு வந்திருந்தது. நூற்றுக்கு 16 பேர்! பித்தப்பையை அகற்றிக்கொண்ட பருமனானவர்களிடம் இது 3 சதவீதம்தான்.

இதைப் படித்துவிட்டுச் சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயையும் தூக்கத்தில் வரும் மூச்சடைப்பையும் கட்டுக்குள் கொண்டுவந்து, பலருக்கு ஆயுளைக் கூட்டிக்கொடுக்கும் சிகிச்சை இது. அதே ஆய்வில், ஊட்டச்சத்து ஆலோசனைக்குத் தொடர்ந்து வராதவர்களும், மளமளவென்று எடை இறங்கியவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். இந்தப் பாதிப்புகளில் பல சத்துக்குறைவோடு தொடர்புள்ளவை. தடுத்துவிடலாம்.

வாந்தி நிற்கவில்லை என்றால்

வைட்டமின் பி1 என்னும் தயமினை உடல் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேர்த்துவைக்காது. அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் ஒருவர் விடாமல் வாந்தி எடுத்தால் அந்தக் கையிருப்பு சீக்கிரமே கரைந்துவிடும். பிறகு பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். இது வெர்னிக்கி மூளை பாதிப்பு.

வீட்டில் என்ன செய்வோம்? ‘சாப்பிடாத களைப்பு’ என்று பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின் வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சமும் அதில் தீர்ந்துபோகும். எனவே முதலில் தயமின் ஊசி, பிறகே குளுக்கோஸ். தாமதமானால் நினைவாற்றல் இழப்பு நிரந்தரமாகிவிடலாம்.

பல வருடம் கழித்து வருபவை

பி12 சத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் தேவை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதி வெட்டி எடுக்கப்படுகிறது; பைபாஸ் முறையில் உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்சிறுகுடலையும் தொடாமலே போகிறது. கல்லீரலில் உள்ள இருப்பு சில வருடங்கள் தாக்குப்பிடிப்பதால், தொல்லை தலைகாட்டும்போது அறுவை சிகிச்சையே பலருக்கு மறந்துபோயிருக்கும். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடல் சாயும், வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். காலிலிருந்து செருப்பு கழன்றது தெரியாமல் நாலு அடி நடந்திருப்பார். தண்டுவடத்தின் பின்பகுதி பழுதாவதன் அடையாளங்கள் இவை. சைவ உணவுக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தாமிரச் சத்து குறைந்தாலும் இதே பாதிப்புதான் வரும். பி12 ஊசி போட்டும் நடை தேறவில்லை என்றால் தாமிர அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எடை குறையும்போது முடி கொட்டுகிறதே என்று கடையில் துத்தநாக மாத்திரையைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடுபவர்கள் உண்டு. துத்தநாகம் மிஞ்சினால் உடலில் தாமிரம் குறையும்.

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸா?

உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பு உறையைத் தாக்குவது மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். மரத்துப்போதல், தள்ளாட்டம், பார்வை மங்குதல், தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு ஆகியவை இதிலும் வரும், பி12 குறைவிலும் வரும். எம்.ஆர்.ஐ. படத்தில் வித்தியாசம் தெரியும். சத்துக்குறைவு தண்டுவடத்தின் பின்பகுதியை இரு பக்கமும் ஒரே மாதிரி பாதிக்கும். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் மூளையிலும் தண்டுவடத்திலும் திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல் வரும். தேவைப்பட்டால் முதுகில் நீர் எடுத்தும் பார்ப்பார்கள். ஒன்றுக்கு மருந்து வைட்டமின், மற்றதற்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைதான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. இளவயதுப் பருமன் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஏற்கெனவே இந்நோய் உள்ளவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். குடல் அமைப்பு மாறினால் மாத்திரை உறிஞ்சப்படும் அளவும் மாறலாம்.

கால் மேல் கால்

எடை வேகமாகக் குறையும்போது முழங்காலின் வெளிப்பக்க நரம்புக்கு மெத்தையாக இருந்த கொழுப்பும் கரையும். அப்போது கால் மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் நரம்பு நசுங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். அந்தப் பழக்கத்தை விட்டாலே பலருக்குச் சரியாகிவிடும்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டும். முதல் வருடம் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு வருடம் ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் எந்தத் தொந்தரவுக்காகப் போனாலும், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டதையும் அது எந்த முறை என்பதையும் முதலில் சொல்லுங்கள். பத்து வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.