பூனைக்குள் ஒரு சிப்: எண் மட்டும் இருந்தால் போதுமா?

டேட்டாபேஸ் என்றால் என்ன என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்டால், நான் இங்கிலாந்துப் பூனைகளைத்தான் உதாரணம் காட்டுவேன். அங்கே வளர்ப்புப் பூனைகளுக்கு 20 வார வயதுக்குள் மைக்ரோசிப் பொருத்த வேண்டும் என்ற சட்டம் 2024 ஜூன் 10 அன்று அமலுக்கு வந்தது. வீட்டை விட்டு வெளியே போகாத பூனையும் இதற்கு விலக்கல்ல. சிப் இல்லை என்று தெரிந்தால் 21 நாள் அவகாசம் தருவார்கள். அதற்குள்ளும் பொருத்தாவிட்டால் 500 பவுண்ட் வரை அபராதம்.

சிப் என்ன செய்கிறது?

அரிசி மணி அளவுள்ள இந்தச் சிப்பை, பூனையின் தோள்களுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். இதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகே கொண்டு போனால், அது அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி பெற்று, தன் 15 இலக்க எண்ணைத் தெரிவிக்கும். பூனை எங்கே திரிகிறது என்று காட்ட இது ஜிபிஎஸ் அல்ல. உங்கள் பெயரும் போன் எண்ணும் கூட இதற்குள் இல்லை.

விவரம் எங்கே இருக்கிறது?

அவை டேட்டாபேஸில் இருக்கின்றன. உங்கள் டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பைல் இல்லை. பைல் இருக்கும் இடத்தை மட்டுமே அது காட்டுகிறது. பைலை அழித்துவிட்டால் ஷார்ட்கட்டைக் கிளிக் செய்து என்ன பயன்? சிப்பும் அப்படித்தான். காணாமல் போன பூனையை யாரோ மருத்துவரிடம் கொண்டு வருகிறார்கள். எண் கிடைக்கிறது, பதிவும் கிடைக்கிறது. ஆனால் அதிலுள்ள போன் எண்ணை நீங்கள் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றால்? பூனை வேறு வீட்டுக்குப் போய்ச் சேரலாம்.

என்ன செய்ய வேண்டும்?

1. சிப் எண்ணை ஒரு பைலில் டைப் செய்து சேமியுங்கள். அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பிரிட்டனில் இத்தகைய டேட்டாபேஸ்கள் பல உண்டு. உங்கள் எண் எதில் பதிவாகியுள்ளது என்பதை இணையத்தில் எண்ணைக் கொடுத்துத் தேடி அறியலாம். உரிமையாளர் விவரம் அதில் தெரியாது.

3. வீடு, போன், இ-மெயில் மாறினால் அந்த டேட்டாபேஸில் லாக்-இன் செய்து உடனே திருத்துங்கள். சில நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் வாங்கும். மருத்துவரிடம் புதிய முகவரியைச் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அவருடைய கம்ப்யூட்டரில் உள்ள பதிவு வேறு, இது வேறு.

4. வளர்ந்த பூனையை வாங்கினால், பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

5. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லி, எண் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

சிப்பை ஒரு முறை பொருத்தினால் போதும். விவரத்தை மட்டும் வருடம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.